வெந்நீர்ச் சொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அத்தியாயத்தில் பிணம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, கறுப்புக் கண்ணாடி போட்ட அழகியும் கிடையாது. ஒரு குளியல் தொட்டி இருக்கிறது. அது ஒழுகுகிறது. "இதுக்கா துப்பறியும் நிலையம் நடத்தறீங்க?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே பாஸிடம் கேட்டுவிட்டேன்.

"ஒல்லி, வாயை மூடிக்கிட்டு ஷூவை மாட்டு," என்றார் பாஸ்.

ஒல்லி என்பது நான்தான். என்னை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டப்பெயரில் இருக்கும் நக்கல் உடனே புரிந்துவிடும். நான் லிஃப்ட்டில் ஏறினால் பக்கத்தில் நிற்பவர்கள் மேலே ஒட்டியிருக்கும் எடை அறிவிப்பைப் படிக்க ஆரம்பிப்பார்கள். பெயர் வைத்த புண்ணியவான் பாஸேதான்.

எங்கள் நாற்காலியின் நுனியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. பாதி நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். தலைமுடி உதிராமல் இருக்கப் போடும் வலைத் தொப்பியைக் கழற்றக்கூட மறந்திருந்தாள். கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி அது கயிறாகவே ஆகிவிட்டது.

"இன்னைக்கு ஆறு மணிக்கு ஹவுஸ் ஓனர் வர்றாரு சார். அதுக்குள்ள எதனால ஒழுகுதுன்னு காட்டலைன்னா நாளைக்கே காலி பண்ணணும்னு சொல்லிட்டாரு. தொட்டியையும் பேத்து எடுக்கப் போறாராம். என் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் லிஃப்ட் குழியில விழுந்து இடுப்புக்குக் கீழ எதுவும் அசையலை. படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷனைத் தூக்கிக்கிட்டு நான் எங்க சார் போவேன்?"

"பிளம்பரைக் கூப்பிட்டீங்களா?" என்றார் பாஸ்.

"மூணு பேர் வந்தாச்சு சார். ஒருத்தர் சுவரை உடைச்சாரு. ஒருத்தர் தரையை உடைச்சாரு. மூணாவது ஆள்தான் கொஞ்சம் நல்லவரு, எதையும் உடைக்காம தொட்டியை நிரப்பி வச்சுட்டு உட்கார்ந்து பாத்தாரு. கீழ ஒரு சொட்டு இறங்கலை. கவலையை விடுங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் மதியமே கீழ் வீட்டு அக்கா சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க."

"வீட்டுல யாரு தொட்டியில குளிக்கிறா?"

"யாருமே இல்லை சார்! நான் மூலையில இருக்கிற ஷவர்ல குளிச்சுக்கறேன். அவரைப் படுக்கையிலயே துடைச்சு விடறேன். என் ஒருத்தியால அவரைத் தூக்கித் தொட்டியில வைக்க முடியுமா? தொட்டிக்குள்ள அழுக்குத் துணிக் கூடையைத்தான் போட்டு வச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "நான் வேலைக்குப் போற நாள்ல மட்டும்தான் ஒழுகுது. லீவு நாள்ல வீட்டுல இருந்தா ஒழுகறதே இல்லை. ஓனர்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. அவருக்கு எங்களைத் துரத்தணும். என் புருஷன் மதியம் மாத்திரை போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. அந்த நேரம் பாத்து உள்ள வந்து தண்ணியை ஊத்தறாரு சார். நீங்க கையும் களவுமா பிடிச்சுக் குடுக்கணும்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வில்லன், திருட்டுச் சாவி, தூங்கும் நோயாளி. இது வழக்கு!

பாஸ் எழுந்து டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "காரணம் கிடைச்சுடுமா சார்?" என்றாள். பாஸ் பொய் சொல்லிப் பழகாதவர். "தெரியலைம்மா. வாங்க, பாப்போம்," என்றார்.

*

முதலில் கீழ் வீடு. தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு கதவைத் திறந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உள்ளே ஒரே அறையில் வாழ்க்கையும் தொழிலும் நெருக்கிக்கொண்டு கிடந்தன. தையல் மெஷின் சுவரோரம் ஒதுக்கப்பட்டு, பிளாஸ்டிக் விரிப்பால் மூடப்பட்டிருந்தது. மேலே கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது. அதற்கு நேர் கீழே, துணி வெட்டும் மேசைமேல் ஒரு பேசின்.

"இந்தக் கூரைக் கட்டி ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா என் மண்டையில விழுந்திருக்கும்," என்றார் தையல்காரம்மா. "எனக்கு இவ மேல கோவம் இல்லைங்க. பாவம், அவளும் ஒண்டியா எவ்வளவுதான் பண்ணுவா? ஆனா நனைஞ்ச துணிக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"இன்னைக்கும் சொட்டுச்சா?" என்றார் பாஸ்.

"மதியம் சாப்பிட்டுட்டு பட்டன் வச்சுக்கிட்டு இருந்தேன். கழுத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு பாருங்க, பல்லிதான் வேலையைக் காட்டிடுச்சுன்னு அலறிட்டேன்."

"ஏன் பல்லின்னு நெனச்சீங்க?"

"வெதுவெதுன்னு இருந்துச்சே!"

பாஸின் புருவம் ஏறியது. எனக்குச் சிரிப்பு. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதியத்துல மேல ஏதாவது சத்தம் கேக்குமா?" என்றார் பாஸ்.

"மெஷின் சத்தத்துல என்னங்க கேக்கும்? நிறுத்தினா சில நாள் கேக்கும். யாரோ புழங்கற சத்தம்."

"பாத்தீங்களா சார்!" என்று அந்தப் பெண் பாஸின் கையையே பிடித்துவிட்டாள். "நான் சொன்னேன்ல? ஓனர்தான்!"

மாடிப்படி ஏறும்போது பாஸ் என் காதருகே வந்தார். "ஒல்லி, அடுத்தவன் வீட்டைக் கெடுக்க வர்றவன் எதுக்குடா வெந்நீர் போடணும்?"

"ஒருவேளை நல்ல மனசுள்ள வில்லனா இருப்பான் பாஸ். கீழ இருக்கிறவங்களுக்குச் சளி பிடிச்சுடக் கூடாதுன்னு..."

பாஸ் முறைத்தார். மீதியை விழுங்கிவிட்டேன்.

*

மேல் வீட்டில் மருந்து வாசனை. சின்னக் கூடம், ஒரு படுக்கையறை, இரண்டுக்கும் நடுவில் குளியலறைக்குப் போகும் குறுகலான வழி. படுக்கையறையில் அவள் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த தோள் கட்டுமஸ்தாக இருந்தது. ஒரு காலத்தில் இரும்புக் கயிறு இழுத்த தோள். அவள் போர்வையைச் சரி செய்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.

குளியலறையில் பாஸ் முதலில் தொட்டிக்குள் இருந்த துணிக் கூடையைத் தூக்கினார். பிளாஸ்டிக் கூடை. உள்ளே இருந்த துணிகள் காய்ந்து கிடந்தன. கூடையின் அடியைத் தடவிய விரலை என்னிடம் நீட்டினார். ஈரம்.

"யாருமே குளிக்காத தொட்டியில கூடைக்கு மட்டும் எப்படிடா அடி நனையும்?"

"கூடையே குளிச்சிருக்கும் பாஸ்."

"யாரோ கூடையை எடுத்து வெளிய வச்சு, தொட்டியை நிரப்பி, காலி பண்ணி, மறுபடியும் கூடையை உள்ள வச்சிருக்காங்க. தொட்டி காயறதுக்கு முன்னாடியே." பாஸ் குழாயைத் திறந்தார். "நிரப்பிப் பாத்துடலாம்."

அந்தப் பெண் தையல்காரம்மாவோடு நின்று கூரையைப் பார்க்கக் கீழே ஓடினாள். தொட்டி நிரம்பியது. தொட்டி நிறைந்து வழியக் கூடாது என்பதற்காகத் தலைப்பக்கம் ஒரு ஓட்டை வைத்து, அதன்மேல் வட்டமாக ஒரு தகடு போட்டிருப்பார்களே, அதற்கு நாலு விரல் கீழே தண்ணீர் வந்ததும் பாஸ் குழாயை மூடினார். காத்திருந்தோம். நான் நகம் கடித்தேன். பாஸ் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லை சார்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. அழுகை முட்டிய குரல். "ஒழுகலை சார். ஒழுகவே மாட்டேங்குது!"

ஒழுகவில்லையே என்று ஒரு பெண் அழுவதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். மூன்றாவது பிளம்பர் நின்ற அதே இடத்தில் நாங்களும் நிற்கிறோம். ஆறு மணிக்கு ஓனர் வந்தால் எதைக் காட்டுவது?

பாஸ் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை, சாவகாசமாகப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது.

"பாஸ், வேண்டாம். இது என் நல்ல பேன்ட்."

"இறங்குடா."

"நான் வீட்டுலயே குளிச்சுட்டுத்தான் வந்தேன்!"

"ஒல்லி, அந்தம்மா அழறது கேக்குதா இல்லையா?"

இறங்கினேன். உட்கார்ந்தேன். தண்ணீர் சரசரவென்று மேலே ஏறித் தகட்டை மூடியது. தகட்டின் ஓட்டைக்குள் 'களக்'கென்று ஒரு சத்தம். தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையிலும் கொஞ்சம் வழிந்தது, அதை நான் கௌரவம் கருதிப் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

"சொட்டுது! சொட்டுது!" கீழே இரண்டு பெண்களும் சேர்ந்து கூவினார்கள். லாட்டரி விழுந்த வீட்டில்கூட அப்படிக் கூவியிருக்க மாட்டார்கள்.

பாஸ் தொடையில் தட்டிக்கொண்டார். "அந்த மூணாவது பிளம்பர் தண்ணியை மட்டும்தான் சோதிச்சாரு. ஆளை உட்கார வைக்கலை. ஆள் இறங்கினாத்தான் தண்ணி இந்தத் தகடு வரைக்கும் ஏறும்."

என்னை வெளியே வரச் சொல்லி, தண்ணீரை இறக்கிவிட்டு, தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். பின்னால் இருந்த ரப்பர் வளையம் அப்பளமாகக் காய்ந்து, தொட்டதும் உடைந்து கையோடு வந்தது. தகட்டுக்குள் போகிற தண்ணீர் உள்ளிருக்கும் குழாய்க்குப் போகாமல், தொட்டிக்குப் பின்பக்கமாக வழிந்து நேரே தையல்காரம்மாவின் கழுத்துக்குப் போயிருக்கிறது.

"ஓடு, இதே அளவுல ஒரு வளையம் வாங்கிட்டு வா."

ஓடினேன். சொட்டச் சொட்ட நனைந்த ஒரு குண்டு மனிதன் தெருவில் ஓடினால் ஊரே ஒதுங்கி வழி விடும், அந்த வகையில் வசதி. முதல் ஹார்டுவேர் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரர், "தண்ணி டேங்குல விழுந்துட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டு, நிதானமாக டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். எனக்குக் கடிகார முள் ஆறை நோக்கி ஓடுவது போலவே இருந்தது. "அண்ணே, ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துடும்ணே!" என்று கத்தினேன். மனிதர் மிரண்டுபோய்க் கடைசி டப்பாவைக் கவிழ்த்தார். அதில் இருந்தது.

பாஸ் பழைய பிசிறைச் சுரண்டி எடுத்து, துடைத்து, புது வளையத்தை உட்கார வைத்து, தகட்டை இறுக்கினார். மறுபடியும் தொட்டி நிரம்பியது. மறுபடியும் நான் உள்ளே. தண்ணீர் தகட்டுக்குள் புகுந்து, போக வேண்டிய குழாய் வழியாகவே சலசலவென்று போயிற்று. கீழே ஒரு சொட்டு இல்லை. பாஸ் விடாமல் கால் மணி நேரம் என்னை ஊறவைத்தார். அப்போதும் இல்லை.

அந்தப் பெண் மூச்சு வாங்க மேலே வந்தாள். உடைந்த வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இதுக்கா? இந்த ரப்பர் துண்டுக்கா சார் நான் ராத்திரி தூங்காம..." என்று அழுதாள், சிரித்தாள், தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ ஓனர்தான் வந்து இதுல குளிச்சிருக்காரு!" என்றாள்.

"உங்க ஓனர் வீட்டுல தண்ணி வராதா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. ஓனர் இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. பாஸ் உடனே குறுக்கே புகுந்து, "ஓனர் வந்தா கீழயே நிறுத்திக் காட்டுங்க, கூரை காயுதுன்னு. போங்கம்மா," என்று அனுப்பிவிட்டார்.

*

அவள் போனதும் பாஸ் அந்தக் குறுகலான வழியில் குனிந்து டார்ச் அடித்தார். முகம் சரியில்லை. வழக்கு முடிந்தால் பாஸ் விசில் அடிப்பது வழக்கம். அன்றைக்கு அடிக்கவில்லை.

"ஒல்லி, இந்தச் சுவரைப் பாத்து என்ன தெரியுதுன்னு சொல்லு."

வெளிர் மஞ்சள் சுவர். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தது. மறுபக்கம் முழங்கால் உயரத்தில் கைபட்டுக் கைபட்டு ஒரு நீளக் கறை, படுக்கையறை வாசலிலிருந்து குளியலறை வாசல்வரை. அதற்கு மேலே இடுப்பு உயரத்தில் இன்னொரு கறை. இன்னும் மேலே, என் நெஞ்சு உயரத்தில் ஒன்று. அது புதுசு. விரல் பதிந்த இடம்கூட சில இடங்களில் தெரிந்தது.

"சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு மாதிரி இருக்கு பாஸ். தவழ்ந்து, பிடிச்சு நின்னு, அப்புறம் நடந்து..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன்.

"இந்த வீட்டுல பிள்ளைங்க கிடையாது," என்றார் பாஸ்.

என் முதுகில் சிலிர்த்தது. ஈரச் சட்டை அதற்குக் காரணமில்லை.

பாஸ் படுக்கையறைக் கதவைத் திறந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்ணைத் திறங்க மெக்கானிக் சார். தூங்கறவங்க இப்படி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க."

அந்த மனிதர் திரும்பினார். பயந்த கண்கள். "அவ எங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கீழ."

"சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "சொல்லிடாதீங்க சார். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

வேறொரு நாளாக இருந்தால், 'விழ முடியும்னுதான் தெரிஞ்சுபோச்சே' என்று என் நாக்கு சொல்லியிருக்கும். அன்று அது அசையவில்லை.

"நல்ல சேதியை எதுக்கு மறைக்கறீங்க?" என்றார் பாஸ்.

"அவளுக்கு நல்ல சேதிதான் சார். எனக்கு?" சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் நல்ல புருஷனா நடந்துக்கலை. தொட்டதுக்கெல்லாம் கத்துவேன். வாரக்கணக்கா முகம் குடுத்துப் பேச மாட்டேன். நான் விழறதுக்கு மொத நாள் ராத்திரி, போதும், நான் என் அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டா. போன்னு நானும் சொன்னேன். காலையில வேலைக்குப் போனேன். குழியில விழுந்தேன். ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்தா பக்கத்துல உட்கார்ந்திருக்கா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கலை, நானும் எடுக்கலை. நான் எந்திரிச்சு நின்னா அவளுக்கு இங்க என்ன வேலை சார்? போயிடுவா."

"அப்போ படுத்தே இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கொடூரமான கேள்வி என்று புரிந்தது.

"முடியலையே," என்றார். "ஒரு நாள் கட்டை விரல் அசைஞ்சுது. அப்புறம் எப்படிங்க சும்மா படுத்திருக்க முடியும்? தவழ்ந்து போய், கையால எம்பித் தொட்டிக்குள்ள விழுந்தேன். தண்ணிக்குள்ள காலு லேசா இருந்துச்சு. அங்கதான் மொதல்ல மடக்க வந்துச்சு. அவ வேலைக்குப் போற நாள்ல மதிய மாத்திரையைப் போடாம தொட்டிக்குப் போவேன். கீழ ஒழுகுதுன்னு சொன்னப்போ பயந்தேன். பிளம்பர் நிரப்பிப் பாத்து தொட்டியில கோளாறு இல்லைன்னதும், நம்மால இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு. நாளைக்குத் தொட்டியைப் பேத்துடுவாங்கன்னு கேட்டதும் இன்னைக்குக் கடைசியா ஒரு தடவை..."

பாஸ் எழுந்தார். "ஒழுகறதைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. கண்டுபிடிச்சுட்டேன். மீதியைச் சொல்ல வேண்டியவர் நீங்க. நான் சொல்ல மாட்டேன்." வாசலில் நின்று திரும்பினார். "ஆனா ஓனர் கேட்டா, அந்தம்மாவைக் காப்பாத்த பொய்யும் சொல்ல மாட்டேன். யோசிச்சுக்குங்க."

*

ஓனர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சலவைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. தையல்காரம்மாவும் பின்னாலேயே ஏறி வந்தார். பாஸ் வளையத்தைக் காட்டி, தகட்டைக் காட்டி, என்னையும் காட்டி விளக்கினார். அந்தப் பெண் பரீட்சை முடிவு கேட்கும் பிள்ளையாக ஓனரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதாவது, யாராவது உள்ள இறங்கி உட்கார்ந்தாத்தான் ஒழுகும்," என்றார் ஓனர்.

"ஆமா."

"இந்தம்மா வேலைக்குப் போற நாள்ல மட்டும்தான் ஒழுகியிருக்கு."

"ஆமா."

"அப்போ மதியத்துல உள்ள இறங்கின ஆள் யாரு?"

ஓனர் அவள் பக்கம் திரும்பினார். "யாரும்மா அது? புருஷன் படுக்கையில கிடக்கிறாரு. நீ வேலைக்குப் போறேன்னு கிளம்பற. போறியா, இல்ல மதியத்துல யாரையாவது கூட்டிக்கிட்டு வர்றியான்னு யாரு கண்டா? வெந்நீர் போட்டுக் குளிச்சுட்டுப் போறான்னா அவன் தெரியாத ஆளா இருப்பானா? இது குடும்பம் நடத்தற இடம்மா."

"ஐயோ, என்ன பேச்சு பேசறீங்க!" என்று தையல்காரம்மா வாயில் கை வைத்தார்.

அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. மெல்ல பாஸ் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்குத் தெரியும். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. சொல்லுங்க சார். நான் அப்படிப்பட்டவ இல்லைன்னு சொல்லுங்க சார்!"

நானாவது கத்திவிடலாம் என்று வாயெடுத்தேன். பாஸ் என் கையை அழுத்திப் பிடித்தார். அவர் கண் படுக்கையறைக் கதவிலேயே இருந்தது.

கதவு திறந்தது. சுவரை ஒரு கை தேய்த்துக்கொண்டு வரும் சத்தம் முதலில் வந்தது. பிறகு அவர் வந்தார். ஒரு காலை வைத்து, நின்று, இன்னொரு காலை இழுத்து வைத்து, வியர்வை வழிய வந்து ஓனருக்கு எதிரே நின்றார்.

"உள்ள இறங்கினது நான்தான்," என்றார். "தினமும் நான்தான். என் பொண்டாட்டியைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா..." மூச்சு போதவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஓனர் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்... ஒழுகல் நின்னா சரி," என்று அவர் முணுமுணுத்தார். தையல்காரம்மா அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, "நிக்கறதை இங்க பாத்தாச்சு. என் வீட்டுக் கூரையை யாரு பூசுவாங்கன்னு கீழ வந்து பேசுங்க. வழியில இவகிட்ட என்ன சொல்லி மன்னிப்புக் கேக்கறதுன்னும் யோசிங்க," என்று தள்ளிக்கொண்டு போனார்.

அந்தப் பெண் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. கணவரின் காலையே பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"நிக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம். அதுக்கு முன்னாடி தவழ்ந்து..."

"ரெண்டு மாசமா?" குரல் ஏறியது. "தினமும் காலையில உங்களைப் புரட்டித் துணி மாத்தறேன். இடுப்பு விட்டுப்போச்சு. ராத்திரி பாத்ரூம்ல போய் அழுதுட்டு, முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து உங்க பக்கத்துல சிரிச்சுக்கிட்டே படுக்கறேன். நிக்க முடியுதுடின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா நீ போயிடுவ."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது. "போறவளா இருந்தா நீ படுத்துக் கிடந்தப்பவே போயிருப்பேன்டா பாவி! துரத்திக்கிட்டு வரக்கூட உன்னால முடிஞ்சிருக்காது!"

அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. "அப்போ... போக மாட்டியா?"

"எனக்குத் தெரியலை," என்றாள். "இந்த நிமிஷம் உன்னைக் கொல்லணும் போல இருக்கு. படுத்துக்கிட்டு என்னோட பதிலையும் நீயே சொல்லிக்கிட்ட. இப்பதான் நிக்கத் தெரியுமே? கேக்கறதை நின்னு கேளு."

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். எடுக்க நேரம் பிடித்தது. எதையும் பிடிக்காமல் நின்றார். முழங்கால் இரண்டும் ஆடின. "போயிடுவியா?" என்று கேட்டார்.

பாஸ் என் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்தார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

"கால் நடுங்குது. மொதல்ல உட்காருங்க."

"நீ பதில் சொல்லு. உட்கார்றேன்."

"உட்காருங்க," என்றாள் அவள். "ஒரு வருஷமா பேசாம இருந்ததை நின்னுக்கிட்டே பேசி முடிக்க முடியாது."